பைன் மகரந்தத் தூள்: பொதியில் எழுதியதும் எழுதாததும்

நூறு கிராம் பொதி. கனடாக் காசில் முப்பத்தைந்து டொலர். நமது காசுக்கு மாற்றினால் ஏழாயிரம் ரூபாவைத் தாண்டுகிறது. பழுப்புக் கடதாசிப் பை, உட்புறம் வெள்ளித்தாள் பூச்சு, திறந்து திறந்து மூடக்கூடிய வாய். முன்பக்கத்தில் பனி மூடிய மலையும் ஊசியிலை மரங்களும். படத்தின் கீழே, யுன்னான் மலைக்காட்டில் சேகரித்தது என்று ஒரு வரி. அதற்கும் கீழே கொட்டை எழுத்தில்: முப்பதுக்கும் மேற்பட்ட கனிமங்கள், செல்சுவர் உடைக்கப்பட்டது, நூறு வீதம் இயற்கை. பின்பக்கத்தில் ஆண்களின் வலிமை பற்றிய சில வாக்குறுதிகள். அவற்றை வாசித்துவிட்டு என் கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மீண்டும் ஒரு முறை வாசித்தார்.

அனுப்பியவன் ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகன். ஊருக்கு வந்த ஒருவரின் பயணப்பெட்டியில் வந்து சேர்ந்தது. "பெரியம்மா, பெரியப்பாவுக்குத் தினமும் இரண்டு தேக்கரண்டி கொடுங்கள். முழுக்கக் கனிமச்சத்து. அங்கே எல்லோரும் பாவிக்கிறார்கள்" என்று தொலைபேசியில் சொன்னான். இணையக் கடை ஒன்றில் வாங்கியிருக்கிறான். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே தூளை ஏறக்குறைய இதே வாசகங்களோடு விற்கிற கடைகள் பல இருப்பதால், ஒன்றின் பெயரைச் சொல்வதில் வாசிப்பவருக்குப் பயனும் இல்லை.

நான் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வீடு கனகராயன்குளத்தில். கணவர் வவுனியா வைத்தியசாலையின் சிறுநீரகக் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்வருகிறார். நோய் இன்னும் ஆரம்பப் படியில்தான் நிற்கிறது. அங்கேயே நிற்கவேண்டும் என்பது எங்கள் இருவரதும் கவலை. ஆகையால் இந்த வீட்டுக்குள் வரும் தூள், சூரணம், கஷாயம் எதுவானாலும் முதலில் என்னிடம் பரீட்சை எழுதியாக வேண்டும். இந்தத் தூளும் எழுதியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தூள் அழகானது. வெளிர்மஞ்சள், கட்டி இல்லை, விரலிடுக்கில் தேய்த்தால் பட்டுப்போல வழுக்குகிறது. மணம் மிக மெல்லியது. காய்ந்த வைக்கோலுக்குள் சிறிது பிசின் வாசம். நாக்கில் வைத்தால் இனிப்புமில்லை, கசப்புமில்லை, சற்று மா போல அப்பிக்கொள்கிறது. வெந்நீரில் கரைவதில்லை, மிதக்கிறது. கரண்டியால் எவ்வளவு கலக்கினாலும் கோப்பையின் விளிம்பில் மஞ்சள் வளையமாக ஏறி நிற்கும். தேனில் குழைத்தால் மட்டும் அடங்குகிறது. கொரியாவில் இதைத் தேனோடு பிசைந்து மர அச்சில் அழுத்தித் தேநீரோடு பரிமாறும் சிறு பணியாரம் செய்கிறார்கள். தாசிக் என்று பெயர். அந்தக் கொரியப் பாட்டிமார் விஷயம் தெரிந்தவர்கள். ஒரு பண்டமாக, விசேஷ நாளில் ஒரு துண்டு என்று அவர்கள் சாப்பிட்டதை, மருந்தாக, நாளுக்கு இரண்டு கரண்டி என்று விற்கும்போதுதான் கணக்குப் பார்க்கவேண்டி வருகிறது.

மஞ்சள் நிறத் தூள் என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வங்காளதேசத்தில் மஞ்சள் தூளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேற்றைக் கலந்தது சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்களால் வெளிவந்த செய்தி. வீதியில் பூசும் மஞ்சள் வர்ணத்தில் நெடுங்காலம் சேர்த்துவந்தது அதே சேர்வைதான். எனவே பொதியைத் தூக்கிக்கொண்டு, நான் முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆய்வுகூடத்தில் இப்போது இருப்பவர் என் பழைய மாணவி, "ரீச்சர், என்ன மீண்டும் வேலைக்கா?" என்று கேட்டபடியே நுணுக்குக்காட்டியை எடுத்துவைத்தார்.

ஒரு துளி நீரில் தூளைத் தொட்டு வைத்துப் பார்த்த மாத்திரத்தில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: இது சோளமாவும் அல்ல, நிறமூட்டிய வேறெதுவும் அல்ல, உண்மையான பைன் மகரந்தமே. நடுவே ஓர் உடல், அதன் இரு பக்கமும் காற்றடைத்த பை. பாடப்புத்தகத்தில் கீறியிருக்கும் பைனசு மகரந்தமணி அச்சொட்டாக அப்படியே. பைன் காற்றால் மகரந்தச்சேர்க்கை செய்யும் மரம். அந்தப் பைகள் மணியை இலேசாக்கி மிதக்கவைக்கின்றன. கோப்பையில் கரையாமல் மிதந்து அடம்பிடித்ததற்கும் அவையே காரணம். வன்னியில் பாலையும் வீரையும் முதிரையும் பனையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைக் காட்ட நாங்கள் முன்பு படத்தை நம்பித்தான் இருந்தோம். இலங்கையில் பைன் என்றால் மலையகத்தில் எழுபதுகளிலிருந்து பெருமளவில் நட்ட கரீபியன் பைன்தான். சுற்றுலா போனால் பிள்ளைகள் அதன் காய்ந்த ஊசியிலையில் வழுக்கி விளையாடுவார்களே தவிர, ஆண்கூம்பைத் தேடிப் பார்ப்பதில்லை.

அதே நுணுக்குக்காட்டி இன்னொன்றையும் காட்டியது. "செல்சுவர் உடைக்கப்பட்டது" என்று பொதி சொல்கிறது. நான் பார்த்த துளிகளில் பெரும்பாலான மணிகள் இரு பையும் குலையாமல் முழுதாக இருந்தன. உடைந்தவையும் இருந்தன, ஆனால் குறைவு. மகரந்தத்தின் வெளிச்சுவர் இசுப்போரோபொலினின் என்னும் பொருளால் ஆனது. உயிரிகள் செய்யும் பொருள்களில் மிக உறுதியானவற்றுள் ஒன்று. இலட்சக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் மக்காமல் இருப்பது அது. அதன் மூலக்கூற்று அமைப்பே 2018இன் இறுதியில்தான் ஓரளவு தெளிவாயிற்று. அமெரிக்காவின் மசாசூசெட்சு தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர்கள் அதற்கு எடுத்துக்கொண்டதும் பைன் மகரந்தமே, அதைப் பந்து ஆலையில் அரைத்துத்தான் கரைசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, சுவரை உடைப்பது முடியாத காரியமல்ல. ஆனால் அப்படி அரைக்கும் ஆலை உருக்கால் ஆனதென்றால், தேய்ந்து உதிரும் இரும்பும் குரோமியமும் நிக்கலும் தூளோடு சேரும். உடைத்தால் ஆலையின் உலோகம், உடைக்காவிட்டால் உள்ளிருக்கும் சத்து வயிற்றில் முழுதாக வெளிவருமா என்ற கேள்வி. விற்பவர் இரண்டில் எதையும் பேசுவதில்லை.

அடுத்தது சாம்பல். தூளை எரித்தபின் கனிமங்கள் எஞ்சுவது அதில்தான். நிறுத்த தூளைப் புடக்குகையில் இட்டு, மூடி சற்றே விலக்கி, கரி எல்லாம் போகும்வரை எரித்தோம். எஞ்சியது சாம்பல்வெள்ளை, மஞ்சளோ கபிலமோ இல்லை. எனவே வர்ணச் சேர்வை எதையும் அள்ளிக் கொட்டவில்லை என்று மட்டும் சொல்லலாம். எடை, நூறு கிராமுக்கு இரண்டரைக் கிராமுக்குக் கிட்ட வந்தது. பள்ளிக்கூடத் தராசின் கணக்கு என்றாலும், பைன் மகரந்தத்துக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். சாம்பலை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் தொட்டுச் சுவாலையில் பிடித்தபோது சோடியத்தின் மஞ்சள் எல்லாவற்றையும் மூடியது. கோபால்ற்று நீலக் கண்ணாடிக்கூடாகப் பார்த்ததும் பொற்றாசியத்தின் ஊதா. அந்த ஊதாவைப் பார்த்து அங்கே நின்ற இரண்டு மாணவிகள் கைதட்டினார்கள். ஏழாயிரம் ரூபாவில் ஒரு பகுதி அதற்குச் செரித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கணக்கு. பொதி சொல்லும் உச்ச அளவு நாளுக்கு இரண்டு தேக்கரண்டி; ஏறத்தாழ ஆறு கிராம். ஆறு கிராமில் சாம்பல் 150 மில்லிகிராம். முப்பது கனிமமும் நாற்பது கனிமமும் இந்த 150 மில்லிகிராமுக்குள்தான் அடங்கவேண்டும். வேறு எங்கே போய் ஒளிந்திருக்கும்? சாம்பல் முழுவதும் பொற்றாசியமே என்று வைத்தால்கூட, வயதுவந்தவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 3,510 மில்லிகிராமில் அது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வாழைப்பழம் அதைப்போல் இரு மடங்கு தரும். இரும்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று தாராளமாக வைத்துப் பார்த்தேன்: ஆறு கிராமில் 1.2 மில்லிகிராம். ஆணுக்கு நாளுக்கு 8, மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 18 வேண்டும். நாகம் (துத்தநாகம்) கிலோவுக்கு 40 என்று வைத்தால் கிடைப்பது கால் மில்லிகிராமுக்கும் குறைவு, தேவை 11. கல்சியத்துக்கு இதை நம்பியிருப்பவர் நூறு கிராம் குரக்கன் மாவில் ஒரு பிட்டு அவித்தால் போதும், 340 மில்லிகிராம் அளவில் வந்துவிடும். சற்றே பெருமைப்படக்கூடிய மூலகம் ஒன்றே ஒன்று, மங்கனீசு. கிலோவுக்கு 100 என்று வைத்தால் ஆறு கிராமில் 0.6 மில்லிகிராம், நாளாந்தத் தேவையில் கால்வாசி. ஆனால் அந்த அளவு மங்கனீசு ஒரு கோப்பைச் சாயத்தண்ணீரிலேயே கிடைத்துவிடும். நம் வீடுகளில் மங்கனீசுக் குறைபாட்டால் யாரும் படுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

முப்பது என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்றைய பகுப்பாய்வுக் கருவிகள் பில்லியனில் ஒரு பங்கையும் காணக்கூடியவை. அப்படிப்பட்ட கருவியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை வைத்தாலும் முப்பது மூலகம் தென்படும். எண்ணிக்கை பெரிது என்பது கருவியின் கூர்மையைச் சொல்கிறது, தூளின் சத்தை அல்ல. அந்த முப்பதுக்குள் ஈயமும் கட்மியமும் ஆசனிக்கும் எண்ணப்பட்டிருக்கின்றனவா என்று கேட்கத் தோன்றுகிறது. அவையும் கருவியில் தென்பட்டிருக்குமே.

இந்தத் தூளின் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. ஒரு மகரந்தமணிக்குள் உலோகம் வரும் வழிகள் வேறுவேறு. பொற்றாசியம், மகனீசியம், மங்கனீசு, நாகம் ஆகியவை வேரால் உறிஞ்சப்பட்டு மரத்தின் சாற்றோடு மேலேறி வருகின்றன. நாகம் நுழையும் வாசல்களாலேயே கட்மியமும் நுழைந்துவிடும். வேருக்கு அவை இரண்டையும் பிரித்தறியும் கெட்டித்தனம் போதாது. பைன் வளர விரும்புவது அமில மண்; அமில மண்ணில் மங்கனீசும் அலுமினியமும் கட்மியமும் இலகுவில் கரைந்து வேருக்குக் கிடைக்கும். ஈயத்தின் பழக்கம் வேறு. அது பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், கிளைவரை ஏறுவது மிகச் சொற்பம். மகரந்தத்தில் ஈயம் இருந்தால் அதில் பெரும்பங்கு காற்றோடு வந்து மேலே ஒட்டியது. இரசமும் (பாதரசம்) பெரும்பாலும் காற்றுவழியே வருவது. நிலக்கரி எரியும் இடங்களிலிருந்து கிளம்பி ஊசியிலைகளில் தங்கும். எனவே கட்மியம் மண்ணைப் பற்றிச் சாட்சி சொல்லும், ஈயம் தூசியைப் பற்றிச் சாட்சி சொல்லும். ஒரே மலையில் ஒரே இன மரத்தின் தூள் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடலாம் என்பதும் இதிலிருந்து தெரியும்.

அப்படியானால் "யுன்னான் மலைக்காடு" என்ற வரி எனக்கு ஆறுதல் தரவேண்டுமா? யுன்னானில்தான் சீனாவின் மிகப் பெரிய ஈய-நாகப் படிவுகளில் ஒன்றான லான்பிங் இருக்கிறது. கெஜியு என்ற ஊர் வெள்ளீயச் சுரங்கத்துக்குப் பேர்போனது. மாகாணம் மிகப் பெரியது. இந்த மரங்கள் சுரங்கத்துக்கு எவ்வளவோ தூரத்தில் நின்றிருக்கலாம். ஆனால் பொதியில் மாகாணத்தின் பெயர் இருக்கிறது, மாவட்டம் இல்லை, அறுவடை ஆண்டும் இல்லை. சீனா ஈயம் கலந்த பெற்றோலை 2000இல் நிறுத்தியது, நாம் 2002இல் நிறுத்தினோம். புகை நின்றது, விழுந்த ஈயம் வீதியோர மண்ணிலேயே கிடக்கிறது; காற்றடித்தால் எழும்பும்.

உலர்த்துவதும் இதில் சேரும். ஆண்கூம்புகள் வெடிப்பதற்குச் சற்று முன் பறித்து, பரப்பிக் காயவிட்டு, அரித்து எடுப்பதே பைன் மகரந்தம் சேர்க்கும் முறை. பெரும்போகம் அறுத்த காலத்தில் ஏ9 வீதியோரம் போனவர்களுக்கு நான் எதற்கு வருகிறேன் என்று புரியும். தார் வீதியில் பாதியை மறித்து நெல் காயும். லொறி ஒன்று ஊதிக்கொண்டு போகும்போது எழும்பும் தூசி எதன் மேல் படிகிறது? நெல்லுக்காவது உமி உண்டு, குற்றினால் போய்விடும். மகரந்தத்தைக் கழுவ முடியாது, உமி நீக்க முடியாது. படிந்ததெல்லாம் தூளோடு தூள். மண்தூசியில் நிறைய இருப்பவை அலுமினியமும் இரும்பும். "எங்கள் மகரந்தத்தில் இரும்பு மிக அதிகம்" என்று ஒருவர் பெருமை பேசினால், அதில் எவ்வளவு மரத்தின் இரும்பு, எவ்வளவு முற்றத்தின் இரும்பு என்று நான் கேட்பேன். அலுமினியமும் கூடவே உயர்ந்திருந்தால் பதில் தெரிந்துவிடும்.

இப்போது பொதியின் அடிமடிப்புக்கு வருவோம். எறும்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: இந்தப் பொருள் ஈயம் உட்பட்ட இரசாயனங்களுக்கு உங்களை ஆளாக்கக்கூடும், கலிபோர்னியா மாநிலத்துக்குத் தெரிந்தவரை அவை பிறப்புக் குறைபாடுகளை ஏற்படுத்தக்கூடியவை. முன்பக்கத்தில் முப்பது கனிமம், அடியில் ஈயம். பெறாமகனிடம் இதை வாசித்துக் காட்டியபோது, "அது அமெரிக்காவில் எல்லாவற்றிலும் ஒட்டுகிற எச்சரிக்கை, பெரியம்மா" என்றான். பாதி உண்மை. 1986இல் வாக்கெடுப்பால் வந்த கலிபோர்னியச் சட்டப்படி, நாளுக்கு 0.5 மைக்கிரோகிராமுக்கு மேல் ஈயம் தரக்கூடிய எதற்கும் அங்கே எச்சரிக்கை வேண்டும். மிக இறுக்கமான எல்லை. ஆறு கிராம் தூளில் அதைத் தாண்டக் கிலோவுக்கு 0.083 மில்லிகிராம் இருந்தாலே போதும். மண்ணில் வளர்ந்த பல மூலிகைத் தூள்கள் தாண்டிவிடும். ஆகவே எச்சரிக்கை இருப்பதால் மட்டும் தூள் நஞ்சாகிவிடாது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் உணவுக் குறைநிரப்பிகளுக்கு அனுமதிக்கும் ஈயம் கிலோவுக்கு 3 மில்லிகிராம். அந்த எல்லையில் நிற்கும் தூளை ஆறு கிராம் விழுங்கினால் 18 மைக்கிரோகிராம். கலிபோர்னியாவின் எல்லையைப்போல் முப்பத்தாறு மடங்கு, என்றாலும் ஐரோப்பாவில் சட்டத்துக்கு உட்பட்ட சரக்கு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வழிகாட்டல் இலீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். 18 என்பது அந்த அளவு ஈயமுள்ள தண்ணீரை இரண்டு இலீற்றர் குடித்ததற்குச் சற்றே குறைவு. மருந்துகளுக்கான சர்வதேச வழிகாட்டல் வாய்வழி ஈயத்துக்கு நாளுக்கு 5 மைக்கிரோகிராம் என்று நிறுத்துகிறது. 0.5, 5, 18: ஒரே எச்சரிக்கை வரியின் பின்னே இந்த மூன்றில் எது நிற்கிறது என்று பொதியை வைத்துச் சொல்ல முடியாது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை நிறுவ முடியாது என்று சொல்லி, உணவுச் சேர்க்கைகள் பற்றிய சர்வதேச நிபுணர் குழு தன் பழைய வாராந்த எல்லையை 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டதையும் இங்கே சொல்லவேண்டும்.

எண் தெரியவேண்டுமானால் விற்பவரைத்தான் கேட்கவேண்டும். கேட்டேன். பெறாமகனின் பற்றுச்சீட்டு இலக்கத்தோடு, இந்தத் தொகுதிக்கான (ஒரே தடவையில் தயாரித்த சரக்குக்கான) பகுப்பாய்வுச் சான்றிதழை அனுப்பும்படி மின்னஞ்சல் எழுதினேன். பதில் விரைவாகவும் மரியாதையாகவும் வந்தது. சேவைக்கு அந்தப் புள்ளியைக் குறைக்க மாட்டேன். சான்றிதழும் இணைத்திருந்தார்கள். அதைத் திறந்ததும்தான் எனக்குப் பழைய விடைத்தாள் திருத்தும் குணம் வந்தது.

தொகுதி இலக்கம் எங்கள் பொதியில் அச்சிட்டிருந்தது அல்ல; அதற்கு முந்திய வேறொரு தொகுதி. ஈயம், கட்மியம், ஆசனிக், இரசம் நான்குக்கும் நேரே "கண்டறியப்படவில்லை". எவ்வளவு இருந்தால் கண்டறிய முடியும் என்ற எல்லை எங்கும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் கண்டறியப்படாமல்தான் இருக்கும். கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத முறையில் தேடிவிட்டு இல்லை என்று எழுதினால், ஆறு கிராமில் ஆறு மைக்கிரோகிராம்வரை அந்தச் சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

கடைசி வரி இன்னும் சுவையானது: "மொத்தப் பார உலோகங்கள், மில்லியனில் 10 பங்குக்குக் குறைவு." இந்தச் சோதனை என் பழைய நண்பன். கரைசலில் சல்பைட்டைச் சேர்த்து, வரும் கறுப்பை, தெரிந்த அளவு ஈயம் தரும் கறுப்போடு கண்ணால் ஒப்பிடும் முறை. உயர்தர வகுப்பில் கிப்பின் உபகரணத்தில் ஐதரசன் சல்பைட்டு எடுத்து, கூழ்முட்டை நாற்றத்தில் பாதி வகுப்பு மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கச் செய்த அதே இரசாயனம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வன்னிக்கு மின்கலமே வராதபோது அமிலம் எங்கே வரும்? நான் இந்தப் பகுப்பாய்வைக் கரும்பலகையில் நிறச் சோக்கால் நடத்தினேன். கறுப்பு வீழ்படிவைக் கரும்பலகையில் எந்தச் சோக்கால் கீறுவீர்கள் என்று ஒருவன் கேட்டு வகுப்பையே சிரிக்கவைத்தான். நல்ல பாடம் அது, ஆனால் நல்ல பாதுகாப்புச் சான்று அல்ல. மாதிரியை எரிக்கும்போது இரசம் ஆவியாகிப் போய்விடும். எந்த உலோகம் எவ்வளவு என்று தனித்தனியே சொல்லாது. அமெரிக்க மருந்துத் தர நூல் இந்தப் பொதுச் சோதனையை 2018 ஜனவரி முதலாம் திகதியோடு நீக்கிவிட்டு, தனித்தனி மூலகங்களைக் கருவியால் அளக்கும் முறைக்கு மாறிவிட்டது. மில்லியனில் பத்து என்பது ஆறு கிராமில் 60 மைக்கிரோகிராம். அத்தனையும் ஈயம் என்றால் மருந்துகளுக்கான எல்லையைப்போல் பன்னிரண்டு மடங்கு. சான்றிதழ் அதைத் தடுக்கவில்லை.

எங்கள் தொகுதியின் சான்றிதழ் வேண்டும், கண்டறியும் எல்லை வேண்டும் என்று மீண்டும் எழுதினேன். எங்கள் உற்பத்தி முற்றிலும் இயற்கையானது என்று பதில் வந்தது. ஆசனிக்கும் இயற்கைதான் என்று நான் எழுதியதற்குப் பதில் வரவில்லை. கனடாவில் முறைப்படி அனுமதி பெற்ற இயற்கைச் சுகாதாரப் பொருள்களுக்கு எட்டு இலக்க எண் ஒன்று பொதியில் இருக்கும். இதில் அதுவும் இல்லை. கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாமே என்று மாணவி கேட்டார். அனுப்பலாம். ஆனால் விற்பவர் செய்யவேண்டிய சோதனைக்கு வாங்கியவர் பணம் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஈயத்தைப் பற்றியே பேசிவிட்டேன். எங்கள் வீட்டுக்குக் கட்மியம் அதைவிடப் பெரிய விஷயம். உடலுக்குள் போன கட்மியம் சிறுநீரகத்தில் போய்க் குடியிருக்கும். பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் எடுக்கும். வவுனியாவிலும் எல்லைக்கு அப்பால் வடமத்திய மாகாணத்திலும் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் எத்தனை வீடுகளை ஆட்டிவைத்திருக்கிறது என்று இந்தப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடந்து 2013இல் வெளியான ஆய்வு கட்மியத்தின் மீதும் சந்தேகம் வைத்தது. பிந்திய ஆய்வுகள் எல்லாம் அதை ஏற்கவில்லை, விவாதம் முடியவும் இல்லை. முடியும்வரை கட்மியத்தைக் கரண்டியால் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது குறைந்தபட்ச புத்தி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2.5 மைக்கிரோகிராம் என்கிறது. அறுபது கிலோ மனிதருக்கு நாளுக்கு ஏறத்தாழ 21. மூன்று வேளையும் சோறும் பிட்டும் இடியப்பமும் உண்ணும் நமக்கு அதில் ஒரு பங்கை அரிசியே எடுத்துக்கொள்கிறது. மீதியை யுன்னான் தூளுக்கு ஒதுக்க எனக்கு மனமில்லை.

தவிர, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு "கனிமம் நிறைந்தது" என்பதே நற்செய்தி அல்ல. நோய் முற்றினால் பொற்றாசியத்தையும் பொசுபரசையும் குறைக்கச் சொல்லித்தான் கிளினிக்கில் தாள் கொடுப்பார்கள். இந்தத் தூளில் அவை அஞ்சும் அளவில் இல்லை என்பதை மேலே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டேன். விற்பவர் சொல்வதுபோல நிறைந்திருந்தால் கூடாது, இல்லாவிட்டால் வாங்கத் தேவையில்லை.

ஆண் வலிமை பற்றிய வாக்குறுதியைக் கணவர் இன்னும் மறக்கவில்லை என்பதால் அதற்கும் இரண்டு வரி. இசுக்கொட்டுப் பைன் மகரந்தத்தில் தெசுத்தோசுத்திரோன் இருப்பதாக 1971இல் ஓர் ஆய்வு வெளிவந்தது உண்மை. ஆனால் அது மைக்கிரோகிராம் கணக்கு. ஆணின் உடல் தானே நாளாந்தம் சுரப்பது மில்லிகிராம் கணக்கு. இதைக் கேட்டுவிட்டு அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

இதை எழுதக் காரணம், இப்போது இதே தூள் நம் பக்கத்துப் பாமசிகளிலும் முகநூல் விளம்பரங்களிலும் தலைகாட்டத் தொடங்கியிருப்பதுதான். வெளிநாட்டுப் பிள்ளைகள் அன்போடு அனுப்புகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: வாங்குமுன் கடைக்காரரிடம், பொதியில் இருக்கும் அதே தொகுதி இலக்கத்துக்கான சான்றிதழைக் கேட்கட்டும். அதில் ஈயத்துக்கும் கட்மியத்துக்கும் நேரே எண் இருக்கவேண்டும். இல்லை என்று எழுதினால் எதுவரை தேடினோம் என்ற எல்லை பக்கத்தில் இருக்கவேண்டும். அறுவடை ஆண்டும் இடமும் இருந்தால் இன்னும் நல்லது. எண்ணை அனுப்புகிற கடைகள் இல்லாமலில்லை. அனுப்பாத கடையில் காசைக் கொடுக்கத் தேவையில்லை. கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், சிறுநீரக நோயாளர் இருக்கும் வீட்டுக்கு எண்ணோடு வந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தூளின் அசல்தன்மைக்கும் பொதியின் இறுக்கத்துக்கும் சேர்த்து ஐந்துக்கு இரண்டு. கனிம வாக்குறுதிக்கும் சான்றிதழுக்கும் ஒன்றுமில்லை. மீதித் தூள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒட்டுச்சீட்டுடன் போத்தலில் இருக்கிறது. தாவரவியல் பாடத்துக்கு உதவும், வாயில் வைக்கவேண்டாம் என்று மாணவி எழுதி ஒட்டியிருக்கிறார். எங்கள் தொகுதியின் எண்களைக் கடைக்காரர் அனுப்பினால் இந்த மதிப்பீட்டின் கீழே அப்படியே சேர்த்து, புள்ளியையும் திருத்துவேன்.